பெப்புவுல எந்தப் பக்கம் தங்குறது?

கேள்வி: ஜப்பான்ல ஃபுகுவோகாவுல வேலை பாக்குறேன். நவம்பர்ல அப்பா அம்மா வர்றாங்க, மூணு நாள் பெப்புவுக்குக் கூட்டிட்டுப் போய் வெந்நீர் ஊத்துல குளிக்க வைக்கலாம்னு இருக்கேன். அப்பாவுக்கு அந்த ஏழு ‘நரகத்தையும்’, அதான் அந்தக் கொதிக்கிற ஊத்துங்கள, பாத்தே ஆகணும். அம்மாவுக்கு மூட்டு வலி, பிபிக்கு மாத்திரை எடுக்குறாங்க, முட்டை கூட தொடாத சைவம், அதுக்கும் மேல நாலு பேர் முன்னாடி துணியில்லாம குளிக்கவே மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாங்க. ரூம் ஸ்டேஷன் பக்கத்துல போடவா, மலைப்பக்கம் போடவா? - பெயர் வேண்டாம்

பதில்: மலைப்பக்கமே போடுங்கம்மா, கன்னவாவுல. ரெண்டு ராத்திரியும் அங்கயே.

பெப்புவ ஒரே ஊர்னு நெனச்சு பிளான் போட்டா மூணு நாளும் பஸ்ஸுலயே போயிடும். அது எட்டு வெந்நீர் ஊத்து ஊர் சேந்த ஊரு, பெப்பு, ஹமவாகி, கமேகவா, ஷிபாசெகி, கன்னவா, மியோபான், ஹொரிதா, கன்காய்ஜி, கடலோரத்துல ஆரம்பிச்சு மலை வரைக்கும் பரந்து கெடக்கு, தண்ணியும் எடத்துக்கு எடம் வேற. ஸ்டேஷன்கிட்ட ரூம் போட்டா ட்ரெய்னுக்கு மட்டும்தான் வசதி. கன்னவாவுல போட்டா கதவத் தொறந்தாலே தெருவுல ஆவி, நவம்பர் காலைக் குளிர்ல அது இன்னும் திரண்டு தெரியும், அம்மா ஒரு நாள் வெளிய வரலன்னாலும் ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டு இருக்கலாம்.

ஃபுகுவோகாவோட ஹகாத்தா ஸ்டேஷன்லருந்து சோனிக் எக்ஸ்பிரஸ்ல ஏறினா ரெண்டு மணி நேரத்துல பெப்பு. எறங்குனதும் மேற்கு வாசல்ல கமேனோய் பஸ் புடிச்சா இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல கன்னவா, ஒரு நாள் பாஸ் வாங்கிட்டீங்கன்னா மறுநாள் சுத்துறதுக்கு சில்லறை தேட வேணாம். கெழக்கு வாசல் பக்கம் ரெண்டு கையும் தூக்கிட்டு ஒருத்தர் செலை இருக்கும், அபுராயா குமஹாச்சி, இந்த ஊர ஊரறிய வெச்ச மனுஷன், 1928லயே பஸ்ஸுல பொம்பளைங்கள கைடா வெச்சு ஊர் சுத்திக் காட்டினவரு. அப்பாவுக்கு இந்தக் கதை புடிக்கும், சொல்லுங்க.

இப்ப அம்மா குளியல், உங்க கடுதாசியில முக்கியமான விஷயமே இதுதான். பொதுக் குளியல்ல ஆம்பள பொம்பள தனித்தனிதான், ஆனா உள்ள யாரும் துணி கட்டக்கூடாது, சின்னத் துண்டக்கூட தண்ணியில முக்கக்கூடாது, இதுல விட்டுக்கொடுக்க மாட்டாங்க. அதனால அம்மாவ வற்புறுத்தாதீங்க, ‘ஒரு தடவ வந்து பாரேன்’னு கெஞ்சவும் வேணாம். கஷிகிரின்னு கேளுங்க, கசோகு-புரோன்னும் சொல்லுவாங்க, குடும்பத்துக்குன்னு ஒரு மணி நேரம் மாதிரி தனியா குடுக்குற குளியலறை, கதவ உள்பக்கம் தாப்பா போட்டுட்டா அம்மா அம்மா இஷ்டத்துக்கு இருக்கலாம். கன்னவாவுல 1922லருந்து இருக்குற ஹ்யோதான் ஓன்சென்ல (ஓன்சென்னா வெந்நீர் ஊத்துக் குளியல் எடம்) தனிக் குளியலறையும் இருக்கு, மேலருந்து அருவி மாதிரி கொட்டுற வெந்நீரும் இருக்கு, அது அப்பாவுக்கு. மியோபான்லயும் தனி அறை நெறைய கெடைக்கும். தங்குற எடத்துலயே கஷிகிரி இருக்கான்னு புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டுருங்க, இருந்துட்டா பாதி கவலை போச்சு. நீச்சலுடைக்கு அம்மா சம்மதிச்சா கன்காய்ஜி மேட்டுல சுகினோய் ஓட்டல்ல ஆணும் பெண்ணும் நீச்சலுடையோட சேந்து எறங்குற எடம் உண்டு, ஆனா அது கூட்டமான பெரிய ஓட்டல், உங்க அம்மாவுக்கு அது ஒத்து வரும்னு எனக்குத் தோணல.

பிபி இருக்குறதால கெளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டே ஆகணும், இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. அவர் சரின்னு சொன்னா, மொதல்ல கால்லருந்து மெதுவா தண்ணி மொண்டு ஊத்தி உடம்பப் பழக்கணும், அஞ்சு நிமிஷம் உக்காந்தா வெளிய வந்து ஓய்வு, எந்திரிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும், சூட்டுலருந்து சட்டுனு எந்திரிச்சா பிபி எறங்கி தலை சுத்தும். சாப்ட ஒடனே வேணாம், குளிச்சதும் தண்ணி குடிக்கணும். ஒரு நாளைக்கு ஒரு குளியல் போதும் அம்மாவுக்கு, அப்பாவுக்கே ரெண்டுக்கு மேல விடாதீங்க, வெந்நீர்ல கெடக்குறது உடம்ப நல்லா அசத்திடும். கன்னவாவுல இப்பேன்ங்குற புத்தத் துறவி 1276ல ஆரம்பிச்சு வெச்சதா சொல்ற மூலிகை நீராவி அறை இருக்கு, வசம்பு ஜாதிப் புல்லு மேல படுக்கணும், வாசல் அவ்வளவு தாழ்வு, குனிஞ்சு தவழ்ந்துதான் போகணும், அம்மாவுக்கு அது கூடவே கூடாது. அதுக்குப் பதிலா காலுக்கு மட்டும் ஆவி புடிக்கிற எடம் பக்கத்துலயே இருக்கு, சேலைய கொஞ்சம் தூக்கிட்டு உக்காந்தா போதும், அந்த மூட்டுக்கு அது நல்லா இதமா இருக்கும்.

சாப்பாட்டுக்கும் கன்னவாதான் கை குடுக்கும். பூமியிலருந்து வர்ற ஆவியிலயே காய் வேக வெக்கிறாங்க, ஜிகோகு-முஷின்னு பேரு, நம்ம இட்லிக் கொப்பறை மாதிரியேதான், கொப்பறைக்கு அடியில அடுப்பு மட்டும் இல்ல. அந்த ஆவி அடுப்ப வாடகைக்கு விடுற கூடம் இருக்கு, வாங்கிட்டுப் போன காய்கறிய அதுல வேக வெச்சுக்கலாம், சக்கரவள்ளி, பூசணி, மக்காச்சோளம், முட்டைகோஸ் எல்லாம் உப்பே போடாம ருசியா வரும். தொட்டுக்க குடுக்குற சாஸ்ல மீன் சாறு இருக்கலாம், வீட்டுலருந்து பொடியும் எண்ணெயும் கட்டிட்டுப் போயிடுங்க. மியோபான்ல ஆவியில வேக வெச்ச புட்டிங் ஃபேமஸ், அதுல முட்டை இருக்கு, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

ரெண்டாம் நாள் காலையில நரகம். எட்டு மணிக்குத் தெறப்பாங்க, அப்பவே போயிடுங்க, டூர் பஸ் வந்துட்டா அமைதியா நின்னு பாக்க முடியாது. மொதல்ல உமி ஜிகோகு, கடல் நீலத்துல 98 டிகிரி தண்ணி, அங்கயே காலை நனைக்கிற தொட்டி இருக்கு, அம்மாவ அங்க உக்கார வெச்சுட்டு அப்பாவும் நீங்களும் ஒட்டியே இருக்குற ஓனிஷிபோசு போய் சேறு கொப்புளிக்கிறதப் பாத்துட்டு வாங்க. ஏழுல அஞ்சு கன்னவாவுலயே இருக்கு, மீதி ரெண்டு, செவப்புத் தண்ணி சினோய்கேயும் பீச்சியடிக்கிற தத்ஸுமாகியும், ஷிபாசெகியில, மூணு கிலோமீட்டர் கிட்ட, நடக்க வேணாம், பஸ் இருக்கு. தத்ஸுமாகி அரை மணிக்கு ஒரு தடவ கொஞ்சம் முன்ன பின்னதான் பீச்சும், அத எதிர்பாத்து நேரம் ஒதுக்குங்க. கன்னவா அஞ்சுல ஒண்ணு ஓனியாமா, அத நான்னா விட்டுடுவேன், 1923லருந்து அங்க முதலை வளக்குறாங்க, அந்த மிருகங்கள அப்படி அடைச்சு வெச்சிருக்குறது எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கு. கன்னவா தெரு முழுக்க சரிவு, எறங்குறதுதான் மூட்டுக்கு ரொம்ப வலிக்கும், ஒரு டாக்ஸிக்கு யோசிக்காதீங்க.

மதியம் சாப்ட்டு தூங்கி எந்திரிச்சு சாயங்காலம் மியோபான். ஓலைக் குடிசைக்குள்ள ஆவிய நீலக் களிமண்ணு வழியா விட்டு உப்புப் பூ மாதிரி விளைய வெக்கிறாங்க, யுனோஹனான்னு பேரு, எடோ காலத்துலருந்து, அதாவது சாமுராய் ஆட்சி நடந்த காலத்துலருந்து அதே முறைதான், அரசாங்கமே 2006ல இந்த முறைய முக்கியமான நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தா அறிவிச்சிருக்கு. ஒரு பாக்கெட் வாங்கி வெச்சா வீட்டுக் குளியல் தொட்டியில போட்டுக்கலாம். தண்ணி கந்தகமும் புளிப்பும், அதனால அம்மாவோட கொலுசு, மெட்டி, வெள்ளி எது இருந்தாலும் ரூம்லயே கழட்டி வெச்சிடுங்க, கருத்துப் போயிடும். தோல்ல வெட்டோ புண்ணோ இருந்தா எரியும்.

மூணாம் நாள் பெட்டியோட கீழ எறங்கி ஸ்டேஷன் லாக்கர்ல வெச்சுட்டு டாகெகவாரா ஓன்சென் நடந்தே போகலாம். 1879ல ஆரம்பிச்சது, இப்ப நிக்கிற மரக் கட்டடம் 1938ல கட்டுனது, அங்க அப்பாவுக்கு மணல் குளியல், யுகாத்தாங்குற பருத்தி அங்கிய உடுத்திட்டு படுத்தா போதும், சூடான கறுப்பு மணல கழுத்து வரைக்கும் மூடி விடுவாங்க, துணியோடதான் அதனால வெக்கப்பட வேணாம். தண்ணித் தொட்டி மட்டும் பள்ளத்துல, படி எறங்கிப் போகணும், அம்மாவ அங்க எறக்காதீங்க, முன் கூடத்துல உக்காரட்டும். அந்த மணல் குளியல் நடக்குதா, லீவா, எத்தன பேர் வரிசைன்னு அன்னிக்குக் காலையிலயே விசாரிச்சுட்டு, அத வெச்சு சோனிக் டிக்கெட்ட மதியமா சாயங்காலமான்னு முடிவு பண்ணுங்க.