பேம்ஸ்டரில் நடக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கே: ஆம்ஸ்டர்டாமில் தங்குகிறோம். பேம்ஸ்டரைச் சுற்ற ஒரு நாள் போதுமா?

தாராளமாக. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே இருக்கும் வயல்வெளிதான் பேம்ஸ்டர். பூர்மரெண்ட் ஊர் வழியாகப் பஸ்ஸில், அதன் நடுவே இருக்கும் மிடன்பேம்ஸ்டர் கிராமத்துக்குப் போய், அங்கிருந்து நடையைத் தொடங்குங்கள். வாய்க்கால்மேல் புல்தரை மாதிரி ஒன்று தெரியும். அது பாசி. காலை வைத்தால் சேற்றில்தான் நிற்பீர்கள்.

கே: படத்தில் வெறும் வயல்தானே தெரிகிறது?

அந்த வயல் ஒரு காலத்தில் ஏரி. சுற்றிலும் கரை எழுப்பி, கரைக்கு வெளியே வட்டமாகக் கால்வாய் வெட்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளால் இறைத்தார்கள். ஒரே ஆலையால் அவ்வளவு உயரம் ஏற்ற முடியாது. கீழ் ஆலை இறைத்துவிட்ட தண்ணீரை அடுத்தது வாங்கி இன்னும் மேலே தள்ளும். 1610-இல் புயலில் கடற்கரை அணை உடைந்து, வற்றிக்கொண்டிருந்த ஏரி மறுபடி நிரம்பியது. விடாமல் இறைத்து 1612-இல் நிலத்தை எடுத்தார்கள். சதுரம் சதுரமாக அளந்து பிரித்த கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கால்வாய்க் கரைமேல் ஏறி நில்லுங்கள். ஒரு பக்கம் படகு போகும், மறுபக்கம் படகைவிடப் பள்ளத்தில் மாடு மேயும். முதல் தடவை எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் அந்தக் கூம்புக்கூரைப் பண்ணை வீடுகள், 'ஸ்டோல்ப்'. நடுவில் உத்தரம் வரை காய்ந்த புல், அதைச் சுற்றி மாடும் மனிதரும், எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

கே: காற்றாலை முன்னால் போட்டோ எடுக்க எங்கே நிற்கணும்?

அங்கே இறைத்த ஆலைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. பக்கத்து ஸ்கெர்மருக்குப் போங்கள், 11 நிற்கின்றன.

கே: செருப்போடு நடக்கலாமா?

மழை பெய்தால் வேண்டாம்.

கே: சார், பழவேற்காட்டில் நம்மைச் சுரண்டிய பணத்தில்தானே இந்த ஏரியை வற்ற வைத்தார்கள்?

தேதி ஒத்துவரவில்லை. வற்றவைக்க அனுமதி 1607-இல் கிடைத்துவிட்டது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கால் ஊன்றியது 1610-இல், கோட்டை 1613-இல். ஆனாலும் உங்கள் மூக்கு சரியான பக்கம்தான் மோப்பம் பிடிக்கிறது. முதல் போட்டவர்களில் முக்கியமான டிர்க் வான் ஓஸ், ஆசிய மிளகு வியாபாரம் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களிலும் ஒருவர்.

கே: மிளகுப் பணம் என்றாலும் ஆசியப் பணம்தானே, சார்?

அந்தக் காசில் மிளகு வாடை இருந்தது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பால்டிக் கடல் பக்கத்துத் தானிய வியாபாரத்தை விட்டுவிடாதீர்கள். ஆம்ஸ்டர்டாம் வணிகர்களின் அன்றாடச் சோறு அதுதான். பேம்ஸ்டரிலும் தானியம் விளைவிக்கத்தான் நினைத்தார்கள். ஈரம் வடியாத மண், கடைசியில் புல்லுக்கும் மாட்டுக்கும் போனது.

கே: எல்லாம் லேக்வாட்டர் என்ற ஒரே ஆள் செய்ததாமே?

அவர் ஆலை கட்டிய நிபுணர்களில் ஒருவர். ஒரே ஆளை வைத்தால் கதை சொல்ல வசதி, அவ்வளவுதான்.

கே: அண்ணா, காற்றாலை எங்கே இருக்கு?

ஸ்கெர்மர். மேலே எழுதியிருக்கிறேன், தம்பி.

கே: குழந்தைகளை அழைத்து வரலாமா?

வாருங்கள். கையை மட்டும் விடாதீர்கள். பாசி.