கூட்டினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. வெள்ளையணுக்கள் குறைந்துவிட்டதால் ஊசி போடுகிறார்கள். 'வளர்ச்சிக் காரணி' என்றார் நர்ஸ். சில நாட்களில் எண்ணிக்கை ஏறிவிட்டது. அதையே எல்லோருக்கும் ஏன் போடக்கூடாது? அப்பாவுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. இருவருக்கும் நோயெதிர்ப்பைக் கூட்டும் பொடிகள் வாங்கிக் கொடுக்கிறேன். மருந்துக் கம்பெனிகள் எதையோ மறைக்கின்றனவோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டு இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். மனசு கஷ்டமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பொடிகள் எதற்கு? நோயெதிர்ப்பு என்றாலே கூட்ட வேண்டியது என்று யார் சொன்னது? கொஞ்ச நாளாகவே இந்த எரிச்சலில் இருக்கிறேன், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். கம்பெனி சதிக்கெல்லாம் நான் வரவில்லை.

அம்மாவுக்குப் போடுவது பெரும்பாலும் ஜி-சிஎஸ்எஃப். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவை வேகமாகச் செய்து அனுப்பும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுவது. கீமோவில் பலமாக அடிவாங்குவது அந்த அணுதான். பள்ளத்தை மண் போட்டு நிரப்புகிறார்கள். பள்ளமே இல்லாத இடத்தில் கொட்டினால் மேடுதான் மிஞ்சும். அப்பாவின் சளி வைரஸ் சமாச்சாரம், அதற்கு இது மருந்தில்லை.

ஆனால் உங்கள் ஆச்சரியம் எனக்குப் புரிகிறது. ஆய்வகத்தில் டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களை வளர்த்த காலம் எனக்கும் உண்டு. தூண்டிவிட்ட செல்களுக்கு இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைச் சேர்த்தால் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பெருகும். குடுவையில் சிவப்பாக இருந்த திரவம் ஆரஞ்சாகி, மஞ்சளாகிவிடும். செல்கள் தின்று அமிலம் கக்கியிருக்கின்றன என்று அர்த்தம். சேர்க்காத குடுவையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சுருங்கிய செல்களும் குப்பையும்தான். 1976இல் மோர்கன், ரஸ்செட்டி, காலோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை அறிவித்தார்கள். ஆரம்பத்தில் இந்தப் புரதத்தை 'டி செல் வளர்ச்சிக் காரணி' என்றே அழைத்தார்கள். இது இருந்தால் படை பெருகும், இல்லாவிட்டால் படையே இல்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

அப்புறம் 1990களில் இன்டர்லூக்கின்-2 மரபணுவை நீக்கிய எலிகள் வந்தன. எதிர்ப்பில்லாமல் தொற்றில் சாகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, சொந்த உடலையே தாக்கின. ரத்தசோகை வந்தது, பெருங்குடல் புண்ணானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தம்பி. இன்டர்லூக்கின்-2 இல்லாமல் வாழவே முடியாதவை அடக்கும் டி செல்கள். சிடி25 என்ற ஏற்பிப் பகுதி அவற்றின் மேல் எப்போதும் நிறைய இருக்கும், அதனால் துளி கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். சொந்தமாக அதைச் சுரக்கவும் தெரியாது. சுரப்பது சண்டைபோடும் செல்கள். அதைக் குடித்துப் பலம் பெற்று அவற்றையே அடக்குவது இவை. எலிகளில் அந்தச் சரக்கு நின்றது, அடக்க ஆளில்லை. சிடி25ஐ வைத்துத்தான் ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சி 1995இல் இந்தச் செல்களை அடையாளம் காட்டினார். 2025இல் பிரன்கோ, ராம்ஸ்டெல் ஆகியோருடன் நோபல் பெற்றார்.

அளவிலும் இதே கூத்து. இன்டர்லூக்கின்-2ஐ நிறையக் கொடுத்தால் தாக்கும் செல்கள் பெருகும். சிறுநீரகப் புற்றுக்கு 1992இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் விழும், பக்கத்திலேயே ஆள் இருந்து கவனிக்க வேண்டும். அதையே கொஞ்சமாகக் கொடுத்து, அடக்கும் செல்களை வளர்த்து, உடல் தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில் சோதிக்கிறார்கள். டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு புரதமும் பெயரளவில் வளர்ச்சிக் காரணிதான், ஆனால் டி செல்களிடம் அதன் முக்கிய வேலை பெருகாமல் தடுப்பது. இப்போது சொல்லுங்கள், உங்கள் பொடி இவற்றில் எந்தச் செல்லைக் கூட்டுகிறது? டப்பாவில் எழுதியிருக்கிறதா?

அம்மாவுக்கு அதைக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். இதுவரை என்னென்ன கொடுத்தீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு இடுப்பு, முதுகு எலும்புகள் வலிக்கலாம். அது பலருக்கும் வருவதுதான், தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம், கேட்டால் மருந்து தருவார்கள். ஆனால் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.