கேளுங்க, சொல்றோம்: அது சண்டிகர் நாற்காலிதானா?

கேள்வி: ஈசிஆர் பக்கம் ஒரு பழைய சாமான் கடைல தேக்கு நாற்காலி ஒண்ணு பாத்தேன், ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸை விரிச்சு நிறுத்துன மாதிரி கால், பிரம்பு பின்னுன சீட்டு. சண்டிகர் ஒரிஜினல், முதுகுல நம்பர் கூட இருக்கு பாருங்கன்னு 80,000 ரூபா கேக்கறாரு. வாங்கலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: அவசரப்படாதீங்கம்மா. ஒரிஜினலா இருந்தா 80,000 ரொம்ப கம்மி, நகல்னா ரொம்ப ஜாஸ்தி, அந்த விலையே இடிக்குது.

சண்டிகர் ஊரைக் கட்டும்போது, அதுக்கு பிளான் போட்ட ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியேவோட ஒண்ணுவிட்ட தம்பி பியர் ஜானரே (அவரும் ஆர்க்கிடெக்ட்தான்) 1951ல இருந்து 1965 வரை அங்கயே தங்கி வேலை பாத்தாரு, ஹைகோர்ட், யுனிவர்சிட்டி, செக்ரடேரியட்னு எல்லாத்துக்கும் இந்த மாதிரி நாற்காலி மேஜை போட்டது அப்பதான். பின்னாடி அதையெல்லாம் உடைசல்னு ஏலத்துல தள்ளிவிட்டாங்க, வெளிநாட்டு ஏலத்துல லட்சக்கணக்குல போனப்பறம்தான் முழிச்சுக்கிட்டு, 2011ல மத்திய உள்துறை விற்கவோ ஏலம் விடவோ வெளிய அனுப்பவோ கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அதனால மொதல்ல ஏலத்துல எடுத்த பழைய பேப்பர் இருக்கான்னு கேளுங்க.

நம்பரைப் பாத்து மயங்காதீங்க. ஆபீஸ் பேரும் நம்பரும் பெயின்ட்ல எழுதியிருக்கறது நிஜம்தான், ஆனா ஒரு டப்பா பெயின்ட் இருந்தா யார் வேணா எழுதிடலாம். நாற்காலியைக் கவுத்துப் போடுங்க. கை வைக்கற எடத்துல முனை மழுங்கி வழவழன்னு இருக்கணும், கால் அடில தரையில இழுத்து இழுத்து தேஞ்சிருக்கணும், சீட்டுக்கு அடில யாரும் தொடாத எடம் மட்டும் வேற நெறத்துல இருக்கணும். எல்லா பக்கமும் ஒரே காபி கலர்னா டீத்தூள் தண்ணியோ ஸ்டெயினோ அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஸ்டார் ஸ்க்ரூ தெரிஞ்சா சந்தேகப்படுங்க, அது பின்னாடி ரிப்பேர்ல வந்ததாவும் இருக்கலாம். பிரம்பு புதுசா இருந்தா குத்தமில்ல, 60 வருஷம் பிரம்பு தாங்கறது கஷ்டம், ஆனா பிரம்பு கோக்கற ஓட்டை பழசா, ஓரம் தேஞ்சு இருக்கணும். அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பயப்படாதீங்க, பல பட்டறைல செஞ்சது.

நானே ஒரு தடவை நம்பரை நம்பி ஒண்ணு வாங்கி, ஆசாரிகிட்ட காட்டுனா அவரு நகத்தால சொரண்டிட்டு, "வைரம் பாஞ்ச கட்டை இல்லீங்க, வெளிறு"ன்னு சிரிச்சாரு, அதாவது மரத்தோட வெளிப்பக்க மெத்துக் கட்டை. மூணே மாசத்துல பூச்சி வேற. நம்பர் மட்டும் இன்னும் பளிச்சுன்னு இருக்கு.

கேள்வி: அப்பா ஆபீஸ்ல கழிச்சுக்கட்டுன ஸ்டீல் மேஜை, பெயின்ட் அடிக்கலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: மொதல்ல டிராயரை முழுசா வெளிய இழுத்துப் பாருங்க. ஆடாம, சிக்காம வந்து போச்சுன்னா நல்ல மேஜை. கால் அடில துரு மேலாப்புல இருந்தா தேச்சு எடுத்துடலாம், ஓட்டையாயிருந்தா வெல்டிங்தான். பழைய பச்சை பெயின்ட் நல்லா இருந்தா தயவுசெஞ்சு தொடாதீங்க.