பாட்டா கை வைத்திருக்கும் சக்கரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பழைய விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவன் நான். வீடு மாறும்போது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இந்தப் போட்டோ கிடைத்தது. இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் எங்கள் பாட்டா. ஏர்ஃபோர்சில் இருந்தவர். படம் மங்கலாக இருந்ததால் போனில் ஒரு ஆப் வைத்துத் தெளிவாக்கி, கலரும் போட்டு அனுப்பியிருக்கிறேன். இது என்ன விமானம்? அந்த ஆப் லங்காஸ்டர் என்கிறது. சித்தப்பா மகன் ஸ்பிட்ஃபயர் என்று சாதிக்கிறான். பாட்டா பைலட்டாக இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள், உண்மையாக இருக்குமா? இந்த மாதிரி போட்டோவுக்கு விலை ஏதும் உண்டா? பாட்டா 1983ல் இறந்துவிட்டார். பூனாவில் ரொம்ப வருஷம் இருந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அவருடைய தங்கை திங்கள்நகரில் இருக்கிறார், 88 வயது.

எஸ்., கருங்கல்

அன்புள்ள எஸ்.,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீங்கள் நிதானமாக வாசிக்கமாட்டீர்கள். அது லிபரேட்டர். அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் கம்பெனி வடிவமைத்த பி-24, நான்கு எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானம். ஸ்பிட்ஃபயர் என்று சாதிக்கிற தம்பியிடம், ஸ்பிட்ஃபயருக்கு ஒரே எஞ்சின், அதுவும் மூக்கில் என்று சொல்லுங்கள், போதும். விலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சே வேண்டாம்.

இனி உங்களைத் திட்டப்போகிறேன்.

நீங்கள் முதலில் அனுப்பியது அந்தக் கலர் படத்தை மட்டும்தான். பளபளவென்று இருந்தது. உடம்பில் சிவப்பும் நீலமுமாக பிரிட்டிஷ் வட்டச்சின்னம். பின்னால் இரட்டை வால். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கால், அது பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டருக்கு உரியது. ஆனால் எஞ்சினின் முகம் நல்ல வட்டமாக இருந்தது. லங்காஸ்டர் என்றால் பொதுவாக நீள்மூக்கு மெர்லின் எஞ்சின்தான். வட்ட முகமுள்ள ஹெர்குலிஸ் எஞ்சின் வைத்தும் செய்தார்கள், மார்க் 2 என்று பெயர், மொத்தமே 300தான். அதில் ஒன்று எப்படிக் கருங்கல் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் வந்தது என்று அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து என்னிடம் உள்ள புத்தகங்களை எல்லாம் தரையில் பரப்பினேன்.

அசலை அனுப்புங்கள் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அனுப்பினீர்கள். அதிலும் ஓரங்களை வெட்டியிருந்தீர்கள். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் நேராகிவிட்டது. எஞ்சினின் வாய் வட்டமில்லை. கோழிமுட்டையைப் படுக்கவைத்தது போல அகலமாக இருக்கிறது. லிபரேட்டரின் எஞ்சின் வட்டமானதுதான், பிராட் அண்ட் விட்னி செய்த 14 சிலிண்டர் எஞ்சின். அதற்கு இரண்டு பக்கமும் காற்று உள்ளே போவதற்கு வழி வைத்ததால் மூடி பக்கவாட்டில் பருத்துவிட்டது. நான்கு எஞ்சின் விமானங்களில் அந்த வாயைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் ஆப் என்ன செய்திருக்கிறது? எஞ்சின் என்றால் வட்டமாகத்தானே இருக்கும் என்று அதை வட்டமாக்கிவிட்டது. சக்கரம் ஒற்றைக்காலில் நிற்கிறது, அது ஏதோ குறை என்று இன்னொரு கால் வரைந்துவிட்டது. கருப்பு வெள்ளையில் நம் விமானப்படைச் சின்னத்தின் காவியும் சாம்பல், பச்சையும் சாம்பல். அந்தச் சாம்பல் வளையங்களுக்கு எந்த நாட்டு நிறம் என்று அதற்கு எப்படித் தெரியும்? சிவப்பையும் நீலத்தையும் அடித்துவிட்டது. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமாக இருந்தால் இன்னும் மோசம். அதில் சிவப்பு கருப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும், மஞ்சள்கூட இருட்டாகத் தெரியும். விவரம் தெரிந்த ஆட்களே வட்டச்சின்னத்தின் நிறத்தில் தடுமாறுவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைத்தது அந்த எழுத்துகள். அசலில் பின்னுடம்பில் ஆங்கில ஹெச் ஒன்று தெரிகிறது, பக்கத்தில் ஒரு எழுத்து பாதி, அதோடு ஒருவருடைய தொப்பி மறைத்துவிடுகிறது. நம் விமானப்படையின் லிபரேட்டர்களுக்கு ஹெச்.ஈ. என்று தொடங்கி மூன்று இலக்கம் எழுதியிருப்பார்கள். ஆக அந்த ஒன்றரை எழுத்து பெரிய சாட்சி. உங்கள் ஆப் அதை அழித்துவிட்டு, எந்த நாட்டு விமானத்திலும் இல்லாத ஐந்து எழுத்துகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. நாளை உங்கள் பிள்ளை இந்தக் கலர் படத்தை மட்டும் பார்த்து அந்த எண்ணைத் தேடுவான். கிடைக்காது. பாட்டா சொன்னதெல்லாம் கதை என்று முடிவு கட்டுவான்.

மங்கலாக இருப்பது குறை இல்லை எஸ். அங்கே வெளிச்சம் அவ்வளவுதான் விழுந்தது, அதையே படம் நமக்குச் சொல்கிறது. தெரியாத இடம் தெரியாததாகவே இருந்தால், என்றாவது ஒரு நாள் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்ப்பார். அந்த இடத்தைப் பொய்யால் நிரப்பிவிட்டால் அவருக்கும் வழி அடைந்துவிடும். நாகர்கோவில் மணிமேடை பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சப் செய்கிறவரை சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்து நின்றிருக்கிறேன். கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை எடுப்பார், அம்மைத்தழும்பை எடுப்பார். முகத்தைத் தாண்டிப் பென்சில் போகாது. உங்கள் ஆப்புக்கு அந்த அடக்கம் இல்லை.

இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி. அவரும் ஏர்ஃபோர்ஸ்தான், ஃபிட்டர். எழுபதுகளில் ஓய்வுபெற்று தக்கலை பக்கத்தில் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். சாயங்காலம் குளத்தங்கரையில் துண்டை விரித்து உட்காருவார், பிள்ளைகள் நாங்கள் நாலைந்து பேர் சுற்றி இருப்போம். திருவனந்தபுரத்துக்குப் போகிற விமானம் தெரியும். தெரிவதற்கு முன்னால் ஒரு சீட்டிச் சத்தம் வரும். நான் அவசரப்பட்டு ஆவ்ரோ என்று கத்துவேன். "காத நம்பாத மக்கா, ஆவ்ரோக்கும் போக்கருக்கும் ஒரே டார்ட் எஞ்சின்தான், சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். றெக்க எங்க இருக்குன்னு பாரு" என்பார். போக்கர் பிரண்ட்ஷிப்புக்கு இறக்கை உடம்புக்கு மேலே, எஞ்சின் அதில் தொங்கும். ஆவ்ரோவுக்கு இறக்கை கீழே. புரொப்பல்லர் தரையில் தட்டாமல் இருக்க எஞ்சினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள், அதன் அடியில் சக்கரம் மடங்கிப் போக ஒரு புடைப்பு இருக்கும்.

கரண்ட் போன ராத்திரிகளில் வேறு விளையாட்டு. கல்யாண அழைப்பிதழ் அட்டைகளை விமான வடிவில் வெட்டி, விளக்குக்கரி பூசி வைத்திருந்தார். ராந்தல் வெளிச்சத்துக்கு முன்னால் ஒன்றைக் காட்டி உடனே எடுத்துவிடுவார். சுண்ணாம்புச் சுவரில் கண் இமைக்கும் நேரம் ஒரு நிழல். "சொல்லு." யோசித்தால் போச்சு. இறக்கையின் முன்விளிம்பு பின்னால் சாய்ந்து, பின்விளிம்பு நேராக இருந்தால் டகோட்டா. மூன்று வால் என்றால் கான்ஸ்டலேஷன், ஏர் இந்தியா 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதலில் பறக்கவிட்டது அதைத்தான். மெலிந்த நீண்ட இறக்கை உடம்பின் தோளில் உட்கார்ந்து, பின்னால் இரண்டு முட்டை வால் என்றால் லிபரேட்டர்.

இது அவராகக் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை என்று ரொம்பப் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டாம் உலகப்போரில் சொந்த விமானத்தையே சுட்டு வீழ்த்தாமல் இருக்க, விமானத்தைப் பார்த்ததும் சொல்ல ஆட்களைப் பழக்கினார்கள். முதலில் இறக்கை, எஞ்சின், உடல், வால் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வரிசை முடிவதற்குள் விமானம் தலைக்கு மேல் வந்துவிடும். அப்புறம் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரென்ஷா என்ற உளவியல் பேராசிரியர், படத்தைத் திரையில் மின்னல் போலக் காட்டி மறைத்து, மொத்த உருவத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கப் பழக்கினார். 1942ல் அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நிஜ அளவில் 72ல் ஒரு பங்காக மரத்தில் விமானங்கள் செய்து கருப்படித்துக் கடற்படைக்குக் கொடுத்தார்கள். கேட்டது 5 லட்சம். அந்தப் பாடம் எங்கெங்கோ சுற்றி, கல்யாணப் பத்திரிகை அட்டையாக எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மாமா சொன்னது இதுதான்: "மொதல்ல மொத்தமா பாரு. பொறவு துண்டு துண்டா பாரு." உங்கள் ஆப் இரண்டையும் செய்யவில்லை. முன்பு பார்த்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து நிரப்பியிருக்கிறது. நீங்களும் மொத்தமாகப் பார்க்கவில்லை. ஏனென்றால் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசியில் போகிறபோக்கில் பூனா என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

போர் முடிந்து பிரிட்டிஷ்காரர்கள் போகும்போது லிபரேட்டர்களை கான்பூரில் குவித்துவிட்டுப் போனார்கள். மறுபடி பறக்கக்கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுத்தான் போனார்கள். அந்தக் குப்பையிலிருந்து ஒவ்வொன்றாகத் தேற்றி, பெங்களூருக்குப் பறக்கவிட்டுக் கொண்டுவந்து, 40க்கும் மேற்பட்டவற்றுக்கு அங்குள்ள விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல். உயிர் கொடுத்தது. 1948 நவம்பரில் நம் விமானப்படையின் ஐந்தாம் ஸ்குவாட்ரன், அதாவது ஐந்தாம் பிரிவு, அவற்றோடு தொடங்கியது. 1951ல் ஆறாம் ஸ்குவாட்ரனும் சேர்ந்துகொண்டது, இடம் பூனா. கடல்மேல் ரோந்து போவது அவர்கள் வேலை. அமெரிக்கா 18,000க்கும் மேல் செய்து, போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை உடைத்து உருக்கிவிட்டது. இங்கே 1968 வரை பறந்தன. இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச லிபரேட்டர்களில் பல நம்மிடமிருந்து போனவை. லண்டன் ஹெண்டனில் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் நிற்பது ஆறாம் ஸ்குவாட்ரனில் இருந்த விமானம், 1974ல் நாம் கொடுத்தது.

பாட்டா பைலட்டா என்று கேட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசலை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட ஓவரால், பாக்கெட்டில் பிதுங்கி நிற்கும் வேஸ்ட் துணி, வலது கை நெஞ்சுயர டயரின் மேல். கன்றுக்குட்டி முதுகில் கை வைப்பது போல வைத்திருக்கிறார். அவர் தரையில் வேலை பார்த்தவர். சேதப்படுத்திவிட்டுப் போன விமானங்களை 20 வருஷம் பறக்க வைத்தது அந்த மாதிரிக் கைகள்தான். வீட்டில் அவரைப் பைலட் ஆக்கியது பாசத்தால் என்று புரிகிறது. ஆனால் பாட்டாவுக்குத் தேவையில்லாத பெருமையை ஒட்டிவைத்து, அவர் சம்பாதித்த பெருமையை மறைக்கிறீர்கள். அந்தக் கலர் படம் செய்ததும் இதே வேலைதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லிபரேட்டரின் வயிற்றில் குண்டு அறைக்கதவு கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் மேலே சுருண்டு போகும். தரைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி குறைவு, முதுகை வளைத்துத்தான் உள்ளே நுழைய முடியும். பாட்டா அப்படி எத்தனை ஆயிரம் தடவை குனிந்திருப்பார்!

மாமாவிடமும் இப்படி ஒரு போட்டோ இருந்தது. நான் எழுத ஆரம்பித்த காலத்தில் ஒரு பத்திரிகைக்கு அசலையே கொடுத்தேன். கட்டுரையில் மாமாவின் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டார்கள். திரும்பி வந்ததும் அந்த முகம் மட்டும்தான். மிச்சத்தைக் கேட்டு மூன்று மாதம் அலைந்தேன், கிடைக்கவில்லை. பின்னால் இருந்த விமானம் எது என்று மாமா இருக்கும்போது நான் கேட்டதே இல்லை. தெரியும்தானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன். அந்த அசலை பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், நம்மூர் ஈரத்துக்கு ஒட்டிக்கொள்ளும். அமிலம் இல்லாத தாளில் மடிக்காமல் வையுங்கள். நாகர்கோவிலில் நல்ல ஸ்கேனர் உள்ள கடையில் 600 டிபிஐயில், ஓரம் வெட்டாமல், முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பின்பக்கத்தை நீங்கள் எனக்கு இன்னும் அனுப்பவே இல்லை. ஸ்டுடியோ சீல், தேதி, பென்சிலில் நாலு பேர் பெயர், ஏதாவது இருக்கும்.

அதற்கும் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே திங்கள்நகருக்குப் போங்கள். போனில் காட்டாதீர்கள், அந்தச் சின்னத் திரையில் அந்த அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. அசலைக் கையில் கொடுத்து வெளிச்சம் உள்ள இடத்தில் உட்காரவையுங்கள். விமானத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். பாட்டாவின் இடதுபக்கம், ஓரத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற அந்த ஒல்லியான பையன் யார் என்று கேளுங்கள். அண்ணன் லீவில் வரும்போது கூட வந்து சாப்பிட்டுப் போன ஆளாக இருக்கலாம்.