போகும்போது 10 மணி நேரம், வரும்போது 12: தூரம் ஒன்றுதானே?

கேள்வி: ஜனவரியில் டோக்கியோ ஹனேடாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போய் வர நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. திரும்பி வர மட்டும் 12 மணி நேரமாம். தூரம் எவ்வளவு? எந்தக் கணக்கை நம்புவது?

பதில்: டிக்கெட்டில் தவறு எதுவும் இல்லை, கவலையை விடுங்கள்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 8,800 கி.மீ. இது பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். இரு நகரங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால், நேர் கிழக்கே பறந்தால் போதும் என்று தோன்றும். அப்படிப் பறந்தால் 500 கி.மீ. கூடிவிடும். குறுகிய பாதை வடக்கே வளைந்து, கிட்டத்தட்ட 48 டிகிரி வரை ஏறி இறங்குகிறது. ஒரு உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், உடனே புரியும்.

பெரிய விமானங்கள் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கின்றன. ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி முதல் முக்கால் மணி சேர்த்தால் பத்தரை மணி நேரம் வரும். அதை இரு பக்கமும் இழுப்பது காற்று. வட பசிபிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். 1920களிலேயே வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். எஸ்பெராண்டோ மொழியில் எழுதியதால் வெளியுலகம் அதிகம் கவனிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்.

போகும்போது இந்தக் காற்று உங்களைத் தள்ளிவிடும். வரும்போது எதிர்க்கும். அதனால் திரும்பும் விமானங்கள் பல நாட்களில் அலாஸ்கா பக்கமாக வடக்கே ஒதுங்கிப் போகும். பாதை அன்றன்றைய காற்றைப் பார்த்து முடிவாவதால், நேற்றைய விமானம் எடுத்த நேரம் இன்று அப்படியே இருக்காது.

சரி, அதே நாள் காலை எப்படி? குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் டோக்கியோவைவிட 17 மணி நேரம் பின்னால் இருக்கிறது (கோடையில் 16). மாலை 5 மணியோடு 10 மணி நேரம் சேர்த்தால் டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3. அதிலிருந்து 17 கழித்தால் அதே நாள் காலை 10. திரும்பும்போது ஒரு தேதி காணாமல் போகும். காலை 11 மணிக்கு ஏறினால் மறுநாள் மாலை 4 மணிக்குத்தான் டோக்கியோ. ஓட்டல் பதிவு செய்யும்போது பலரும் இதில்தான் தவறுகிறார்கள்.

நம்ப வேண்டியது டிக்கெட்டில் உள்ள நேரத்தைத்தான். அது விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்பது வரைக்குமான கணக்கு. அப்புறம், லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கி வேறு ஊருக்கு விமானம் மாறுவதாக இருந்தால் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பொதுவாகப் பெட்டியையும் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.