ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் வைத்தால் பாதுகாப்பு கூடுமா? என் லேப்டாப் ஏன் இவ்வளவு மெதுவாகிவிட்டது?

கூடாது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் பெரும்பாலும் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஒன்று, நீங்களாக இறக்கிப் போட்ட இலவசம் ஒன்று. உங்கள் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். நானும் அங்கேதான் இருந்தேன், ஆறு வாரம்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்த நேரம். வேர்டு ஃபைல் திறக்கவே அரை நிமிடம். சேவ் கொடுத்தால் திரை வெளுத்துப்போய் மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும். எதுவும் செய்யாமல் சும்மா வைத்திருந்தாலும் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தை விட்டு இறங்கவில்லை. வைரஸ்தான் என்று முடிவு கட்டினேன். இருக்கிற இரண்டும் பிடிக்காததை வேறொன்று பிடிக்கும் என்று நம்பி, மூன்றாவதாகவும் ஒன்றைப் போட்டேன்.

அன்று இரவு, ஒரு ஆன்டிவைரஸ் ஏதோ பழைய இன்ஸ்டாலரைப் பிடித்துத் தன் குவாரன்டைனில், அதாவது சந்தேகமான ஃபைல்களைத் தனியே பூட்டிவைக்கும் இடத்தில், அடைக்கப் போனது. அதற்காக அது எழுதிய தற்காலிக ஃபைலை இன்னொன்று கண்டுபிடித்து ‘அச்சுறுத்தல்’ என்றது. வலது மூலையில் அறிவிப்புப் பெட்டிகள் மாறி மாறி எழும்பிக்கொண்டே இருந்தன. பிறகு நீலத் திரை. மறுபடி ஆன் செய்தபோது அன்று எழுதிய 11 பக்கமும் இல்லை.

மறுநாள் கன்ட்ரோல் பேனலுக்குப் போய்ப் பழைய இரண்டையும் நீக்கினேன். அப்போதும் அதே மந்தம். ரிப்பேர் பார்த்தவர் சொன்ன ஒரே வார்த்தை: ஃபார்மட். சரியென்று சொல்ல இருந்தேன். ஆய்வகத்தில் மூத்தவரான ஓர் அண்ணன்தான் தடுத்தார். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஃப்-எல்-டி-எம்-சி (fltmc) என்று ஐந்தெழுத்துக் கட்டளை ஒன்றை அடித்தார். ஒரு பட்டியல் வந்தது. நான் நீக்கியதாக நினைத்த இரண்டின் டிரைவர்களும் (விண்டோஸுக்குள் இறங்கி வேலை செய்யும் சிறு புரோகிராம்கள்) அதில் ஓடிக்கொண்டிருந்தன. “வைரஸே இல்லப்பா. இதுக மூணும்தான்” என்றார்.

அவர் விளக்கியது இது. ரியல்-டைம் பாதுகாப்பு என்பது விண்டோஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் உட்காரும் ஒரு ஃபில்டர் டிரைவர். யார் எந்த ஃபைலைத் திறந்தாலும் நிறுத்திவைத்து, சோதித்து, அப்புறம்தான் விடும். இரண்டு இருந்தால், மேலடுக்கில் இருப்பது சோதனைக்காகத் திறப்பதையே கீழடுக்கில் இருப்பது புதிதாக ஒருவர் திறப்பதாக எடுத்துக்கொண்டு தானும் சோதிக்கும். ஒன்றின் பதிலுக்காக மற்றொன்று காத்து, இரண்டும் அப்படியே நின்றுபோவதும் உண்டு. கர்னலுக்குள் தவறு நடந்தால் ஒரு புரோகிராம் மட்டும் மூடாது, கணினியே விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது இப்படித்தான். அங்கே மோதல்கூட இல்லை, ஒற்றை டிரைவர்.

‘என் கணினியில் டிஃபெண்டரும் இன்னொன்றும் நன்றாகத்தானே ஓடுகின்றன’ என்று சிலர் சொல்வார்கள். டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸ். விண்டோஸ் 8 முதல், வெளியிலிருந்து ஓர் ஆன்டிவைரஸ் வந்து தன்னைப் பதிவு செய்துகொண்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். அதனால் உங்களிடம் உண்மையில் ஓடுவது ஒன்றுதான். வெளியிலிருந்து வந்த இரண்டுக்கு நடுவே அப்படி விலக்கிவிட யாரும் இல்லை. கூப்பிடும்போது மட்டும் ஓடும் ஸ்கேனர்களை நான் குறை சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் அந்த வகைதான். இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், வேண்டும்போது புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எந்த ஒன்று வேண்டும் என்று தீர்மானியுங்கள். மற்றதை அன்இன்ஸ்டால் செய்த பிறகு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே ரிமூவல் டூல் கிடைக்கும். அதை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும்படி விண்டோஸைத் திறந்து, ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்து, அண்ணன் அடித்த அதே fltmc கட்டளையை அடித்து, நீக்கியதன் டிரைவர் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆய்வேடு சொடுக்கிய உடனே திறந்தது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. வேறு எதையோ இன்ஸ்டால் செய்யும்போது, ஏற்கெனவே டிக் போட்ட பெட்டிக்குள் ஓர் ஆன்டிவைரஸை ஒளித்து அனுப்புவது என்ன நியாயம்? ட்ரையல் முடிந்ததும் ‘உங்கள் கணினி ஆபத்தில்’ என்று சிவப்பில் மிரட்டுவது? வங்கிக் கணக்கே போய்விடும் என்று பயந்து என் அப்பா ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் கட்டினார், டிஃபெண்டர் இலவசமாக உள்ளேயே இருந்தும். இப்போது அவர் கணினியில் அது மட்டும்தான். சிவப்பாக எது வந்தாலும் தொடாமல் முதலில் எனக்குப் போன் பண்ணுகிறார்.