ஒரே தரச் சான்றிதழ் பெற்ற இரண்டு வைரங்களில் ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிவது ஏன்?

எடை, நிறம், தெளிவு மூன்றும் ஒன்றாக இருந்து, பட்டை தீட்டிய நேர்த்தியைக் குறிக்கும் கட் தரமும் ‘எக்ஸலென்ட்’ என்றே அச்சாகியிருக்கும் இரண்டு வட்ட வைரங்களில் ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிகிறதே, பட்டைகளின் கோணங்களும் அளவு விகிதங்களும் அந்த அளவுக்குப் பொருட்படுத்த வேண்டியவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வெறும் கண்மயக்கம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கக் கூடும். பட்டை தீட்டிய கற்களைத் தரம் பிரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

என் நண்பர் ஒருவர் இதே குழப்பத்தில் என்னை உடன் அழைத்துச் சென்றார். அவர் முன் வைக்கப்பட்ட இரண்டு கற்களும் ஒரு கேரட்டைச் சற்றே தாண்டியவை, இரண்டும் ‘எக்ஸலென்ட்’. முதல் கல்லின் டேபிள், அதாவது மேல்முகத் தட்டை, விட்டத்தில் 59 விழுக்காடு. மேற்பகுதியான கிரவுனின் கோணம் 35.5 பாகை, அடிப்பகுதியான பெவிலியனின் கோணம் 41.2 பாகை. இரண்டாவதில் இவை முறையே 56, 34.5, 40.8. கூரையிலிருந்து விழுந்த சிறு விளக்குகளின் கீழ் இரண்டுமே வண்ணப்பொறி பறக்க மின்னின. அந்த விளக்குகளை விட்டு விலக்கி, சன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது விற்பவருக்கு மனமில்லை. வற்புறுத்திய பிறகே இசைந்தார்.

பரவலான வெளிச்சத்தில், சாமணத்தில் பிடித்து நேர் மேலிருந்து குனிந்து பார்த்தபோது, முதல் கல்லின் டேபிள் விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு சாம்பல் நிற வளையம் கிடந்தது. கல்லை எப்படிச் சாய்த்தாலும் அது பெரும்பாலும் அசையாமல் மந்தமாகவே இருந்தது. அடியில் ஒரு சிவப்புத் தாளை நகர்த்தியதும் அந்த வளையத்தில் சிவப்புச் சாயல் ஏறியது: மேலே திரும்ப வேண்டிய ஒளி அந்த இடத்தில் அடிவழியே கசிகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இரண்டாவது கல்லில், நடுவிலிருந்து எட்டுக் கரிய கதிர்கள் விரிந்திருந்தன. கல்லை மயிரிழை சாய்த்தாலும் கறுத்தவை வெளுத்து, வெளுத்தவை கறுத்தன. விற்பவர் அந்தக் கரிய கதிர்களைச் சுட்டிக்காட்டி, இதில்தான் இருட்டு அதிகம் என்று நண்பரைத் திசைதிருப்பப் பார்த்தார். இன்றும் எனக்குப் பொறுக்காத பேச்சு அது.

வைரத்தில் எல்லா இருளும் குறையன்று. குனிந்து பார்க்கும் நம் தலையே மேலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியை மறைக்கிறது. அந்த மறைவைச் சில பட்டைகள் கண்ணுக்குத் திருப்பிக் காட்டுகின்றன. அவை கறுப்பாகவும், பக்கத்துப் பட்டைகள் வெண்மையாகவும் தெரிவதால்தான், சதுரங்கப் பலகையில் போல, வெண்மை கூடுதல் வெண்மையாகப் படுகிறது. திரும்பும் ஒளி முழுவதும் ஒரே சீராக இருந்தால், கருவியில் அளவு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கல் உயிரற்றுத் தட்டையாகத் தோன்றும். அசைவோடு இடம் மாறும் இருள் நல்லது. ஒரே இடத்தில் உறைந்து கிடப்பது கெட்டது.

இதைப் பெவிலியன் கோணம் பெரிதும் தீர்மானிக்கிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42, மாறுநிலைக் கோணம் சுமார் 24.4 பாகை, அதனால் அடிப்பட்டைகளில் அதைவிடப் பெரிய கோணத்தில் விழும் ஒளி வெளியேறாமல் முழுமையாக எதிரொளிக்கிறது. வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியாளர் மார்செல் டால்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டுச் சொன்ன 40.75 பாகையில், டேபிள் வழியே நேர்கீழாகப் பார்க்கும் கண்ணுக்கு, எதிர்ப்பக்கத்தில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்விலிருந்து டேபிள் வழியாகவே நுழையும் ஒளி வந்து சேர்கிறது. அந்தத் திசையில் பெரும்பாலும் வெளிச்சம் இருக்கும். கோணம் 43ஐ எட்டினால் அதே கண்ணுக்கு வெறும் 20 பாகைக்குள் உள்ளவைதான் தெரியும். அங்கே இருப்பது நம் தலை. கல்லின் நடு ஆணித்தலைபோல் கறுத்துவிடுவது அதனால்தான். கோணம் 40க்கும் நன்றாகக் கீழே இறங்கினால், கல்லின் இடுப்பு விளிம்பான கிர்டில் டேபிளுக்குள் சாம்பல் வளையமாகப் பிரதிபலிக்கும். மீன்கண் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் பெவிலியனை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அது சற்று ஏறினால் கிரவுன் சற்று இறங்கி ஈடுகட்ட வேண்டும். நண்பர் பார்த்த முதல் கல்லில் இரண்டுமே ஒருசேர ஏறியிருந்தன, கசிவுக்கு அதுவே காரணம். கிரவுனை ஒரேயடியாகத் தாழ்த்தி டேபிளை அகலமாக்குவதும் தீர்வாகாது. வெள்ளொளியை நிறங்களாகப் பிரித்து விரிப்பதில் கிரவுனின் சாய்ந்த பட்டைகளுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றின் சாய்வும் பரப்பும் குறைந்தால் வண்ணப்பொறியும் குறையும். பரவலான வெளிச்சத்தில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மீண்டும் வெண்மையாகிவிடுவதால், இந்த வண்ணத்தைக் காணச் சிறிய, கூர்மையான விளக்கு வேண்டும். கடை விளக்கில் வெண்ணொளியையோ கறுப்பு வெள்ளை முரணையோ மதிப்பிட முடியாது, சன்னலில் வண்ணத்தை மதிப்பிட முடியாது; இரண்டிலும் பார்த்தே ஆக வேண்டும்.

எண்களுக்கு அடிமையாகிவிட்டேன் என்று சிலர் சொல்லக் கூடும். அறிக்கையில் உள்ள கோணங்கள் சராசரிகள் என்பதையும், வைரங்களுக்குத் தரச் சான்று வழங்கும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏவின் அறிக்கையில் கிரவுன் கோணம் அரைப் பாகைக்கும் பெவிலியன் கோணம் 0.2 பாகைக்கும் முழுமையாக்கப்படுகிறது என்பதையும் அறிந்தே பேசுகிறேன். பட்டைக்குப் பட்டை கோணம் தடுமாறும் கல்லுக்கும் அழகான சராசரி கிடைத்துவிடும். எனவே எண்கள் வடிகட்டவே உதவும், தேர்ந்தெடுப்பது கண்தான். ரசனையையும் நான் மறுக்கவில்லை: பெவிலியனின் கீழ்ப்பட்டைகள் குட்டையாக இருந்தால் கதிர்கள் தடித்து வீச்சு அகலமாக இருக்கும், நீண்டிருந்தால் மினுக்கம் பொடிப்பொடியாகும். இதில் அவரவர் விருப்பமே சரி.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. கிரவுனையும் பெவிலியனையும் செங்குத்தாக்கி, கிர்டிலைத் தடிமனாக விட்டுவைப்பது பெரும்பாலும் ஒளிக்காக அன்று, எடைக்காக. விலை கேரட்டுக்கு இவ்வளவு என்று நிற்பதாலும், ஒரு கேரட்டைத் தொட்டதும் அது எகிறுவதாலும், எடையைக் காப்பாற்று என்ற கட்டளைதான் பட்டறைக்கு வருகிறது. கட்டளைப்படி தீட்டியவர்மீதே பிறகு கல்லில் உயிரில்லை என்ற பழியும் விழுகிறது. நான் தரம் பிரித்த மேசையில் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நண்பரின் முதல் கல் எடையில் சமமாக இருந்தும் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு சிறியது. அந்த எடை ஆழத்திலும் கிர்டிலிலும் ஒளிந்திருந்தது.

உங்கள் இரண்டு கற்களின் விட்டத்தையும் கோணங்களையும் இணையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கலான கல்லில் கிரவுன் 35க்கு மேலும் பெவிலியன் 41க்கு மேலும் இருந்தால், சன்னலோரம் சிவப்புத் தாளை அடியில் வைத்து டேபிள் விளிம்பை முதலில் கவனியுங்கள்.